48 மடையும் ஓர் அளவுகல்லும்: வடதுருவ மீத்தேனைக் காற்றில் கணக்கிடும் விதம்

ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்' என்று இராமநாதபுரம் சீமையில் சொல்வார்கள். அதிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வெளியே போனது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு மடையாகப் போய்த் திறப்பையும் ஓட்டத்தையும் அளந்து கூட்டலாம். அல்லது கரையோரத்து அளவுகல்லில் இன்று காலையும் நாளைக் காலையும் நீர்மட்டம் பார்த்து, வெயில் குடித்ததையும் மண் உறிஞ்சியதையும் கழித்து, வரத்துக்கால் கொண்டுவந்ததைக் கூட்டி, மிச்சத்தை மடைகளின் பேரில் எழுதலாம்.

முதல் கணக்கில் எந்த மடை எவ்வளவு விட்டது என்று தெரியும். ஆனால் புதருக்குள் மறைந்த மடையும் கரையைத் துளைத்த நண்டு வளையும் விட்டுப்போகும். ஒரே மடையை இருவர் இரண்டு பெயரில் எண்ணிவிடுவதும் உண்டு. இரண்டாம் கணக்கில் எதுவும் விட்டுப்போகாது. எந்த மடை என்பது மட்டும் தெரியாது. ஆவியானதைத் தவறாக மதிப்பிட்டால் மொத்தமும் தவறும்.

பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்றான மீத்தேன் வடதுருவப் பகுதியிலிருந்து காற்றில் எவ்வளவு கலக்கிறது என்று கணக்கிடும் விஞ்ஞானிகளும் இந்த இரண்டு வழியில்தான் நடக்கிறார்கள். வசதிக்காக முதலாவதை மடைக்கணக்கு என்றும் இரண்டாவதை மட்டக்கணக்கு என்றும் இங்கே சொல்லலாம். இரண்டும் ஒத்துப்போவதில்லை. 2008 முதல் 2017 வரையிலான ஆண்டுகளுக்கு உலகம் முழுவதற்கும் போட்ட மட்டக்கணக்கு ஆண்டுக்கு 57.6 கோடி டன் என்றது. அதே காலத்துக்கான மடைக்கணக்கு 73.7 கோடி டன் என்றது. இடையிலுள்ள 16 கோடி டன்னில் பெரும்பகுதி சதுப்புகளையும் ஏரி குளங்களையும் இரட்டையாக எண்ணியதால் வந்தது என்பதே துறையில் உள்ளவர்களின் பொதுவான கருத்து.

இந்தக் கட்டுரை மட்டக்கணக்கைப் பற்றியது: காற்றில் உள்ள மீத்தேனை அளந்து, அது எங்கிருந்து எவ்வளவு வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடுவது.

சேற்றுக்குள் நடப்பது

நீர் நின்ற கண்மாயின் சேற்றில் கால் வைத்தால் குமிழ் வருகிறதே, அதில் பெரும்பங்கு மீத்தேன். பிராணவாயு எட்டாத சேற்றில் மக்கும் தாவரப் பொருளைத் தின்று நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. சைபீரியாவின் சதுப்பிலும் அலாஸ்காவின் மரமில்லாக் குளிர்வெளியான துந்திராவிலும் வேலை செய்வது இதே வகை உயிர்கள்தான். அங்கே மண்ணின் அடிப்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கிறது; கோடையில் மேலே அரை மீட்டர், ஒரு மீட்டர் மட்டும் இளகுகிறது. அந்த உறைமண்ணில் சேர்ந்து கிடக்கும் கரிமம் சுமார் 1.5 லட்சம் கோடி டன். வளிமண்டலத்தில் இப்போது உள்ள கரிமத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்தப் பகுதியோ 1979 முதல் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. கவலைக்குக் காரணம் இவ்வளவுதான்.

காரங்காட்டு அலையாத்திச் சேற்றைக் கிளறினால் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் மீத்தேனுடையது இல்லை. மீத்தேனுக்கு மணமே கிடையாது. கடல்நீரில் சல்பேட் நிறைய இருப்பதால், அதைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் உணவுக்கான போட்டியில் முந்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுக்கு மிச்சம் கொஞ்சம்தான். ஆழத்தில் உண்டான மீத்தேனும் மேலே வருவதற்குள் சல்பேட் அடுக்கிலேயே பெருமளவு நுண்ணுயிர்களுக்கு இரையாகித் தீர்ந்துவிடும். அதனால்தான் நன்னீர்க் கண்மாய் விடும் அளவுக்கு உவர்ச்சேறு மீத்தேன் விடுவதில்லை. வடதுருவக் கடலடி பற்றிய பெரிய சர்ச்சை பின்னால் வரும்போது இது தேவைப்படும்.

அளவுகல் எப்படிப்பட்டது

காற்றில் மீத்தேனின் அளவை நூறு கோடி மூலக்கூறுகளில் எத்தனை என்று சொல்வார்கள். இதற்கு பிபிபி என்று பெயர். தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 720 பிபிபி. இப்போது உலகச் சராசரி 1,920-ஐத் தாண்டிவிட்டது. உலகக் காற்றில் ஒரு பிபிபி ஏற வேண்டுமானால் சுமார் 27.5 லட்சம் டன் மீத்தேன் சேர வேண்டும். அறுபது பாகை வட அட்சத்துக்கு மேலே உள்ள நிலப்பகுதி விடுவது உலக மொத்தத்தில் 4 சதவீதம் அளவுக்கு, அதாவது ஆண்டுக்கு இரண்டேகால் கோடி டன் சுற்றளவில். பெரிய கண்மாயில் சின்ன மடை. ஆகவே அளவுகல்லின் கோடுகள் மிக நுணுக்கமாக இருந்தாக வேண்டும்.

பழைய முறை குப்பியில் காற்று பிடிப்பது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 1983 முதல் உலகளாவிய வலைப்பின்னலாக இதைச் செய்கிறது. இரண்டரை லிட்டர் கண்ணாடிக் குப்பிகள் இரண்டை அடுத்தடுத்து இணைத்து, சிறிய பம்பால் சில நிமிடம் காற்றை ஓடவிட்டு உள்ளே இருந்த பழைய காற்றை வெளியேற்றி, பிறகு வெளியழுத்தத்தைவிடச் சற்று அதிகமாக நிரப்பி மூடுவார்கள். வாரம் ஒரு தடவை. காற்றெடுப்பவர் காற்று வரும் திசையில் நிற்கக் கூடாது. அவர் மூச்சே பிடிக்கும் காற்றைக் கெடுத்துவிடும். இரண்டு குப்பியிலும் வரும் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் சந்தேகக் கணக்கில் வைப்பார்கள். அந்தக் குளிரில் பேட்டரி படுத்துவிடுவதும், வால்வின் ரப்பர் வளையம் விறைத்துக் கசிவதும், காற்றெடுக்கும் குழாயின் வாயில் பனி கட்டிக்கொள்வதும் வழக்கமான தொல்லைகள். நிலையத்துக்கு மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டரின் புகை பக்கம் காற்று திரும்பினால் அந்த நேரத்து அளவுகளையும் ஒதுக்கத்தான் வேண்டும்.

இப்போது தொடர்ந்து அளக்கும் லேசர் கருவிகள் வந்துவிட்டன. கை அகலமுள்ள ஓர் அறையில் எதிரெதிராக உயர்தரக் கண்ணாடிகள். ஒளி அவற்றிடையே போய்வந்து பல கிலோமீட்டர் தூரத்தைக் காற்றின் வழியாகக் கடக்கிறது. ஒளி எவ்வளவு விரைவில் மங்குகிறது என்பதிலிருந்து மீத்தேனின் அளவு வரும். ஒரு பிபிபிக்கும் குறைவான நுணுக்கம் கிடைக்கும். உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் வரம்பு, எந்த இரு நிலையத்தின் அளவுகளும் தங்களுக்குள் 2 பிபிபிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது. அதற்காக அளவு உறுதிசெய்யப்பட்ட காற்று நிரம்பிய அலுமினிய சிலிண்டர்களைக் கருவிக்குக் குறித்த இடைவெளியில் காட்டிக்கொண்டே இருப்பார்கள். சிலிண்டர் தீரும் தறுவாயில் அழுத்தம் குறையும்போது சுவரில் ஒட்டியிருந்த வாயுக்கள் விடுபட்டு உள்ளிருக்கும் காற்றின் கலவையே மாறத் தொடங்கும் என்பதால் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்த மாட்டார்கள்.

நீராவிதான் இதில் தனி வில்லன். காற்றில் ஒரு சதவீதம் நீராவி இருந்தால் மீத்தேன் ஒரு சதவீதம் நீர்த்துப்போனதாகத் தெரியும். 1,920-க்கு அது 19 பிபிபி. மண்டபத்துக் கரையில் 30 பாகை வெயிலில் புழுங்கும் காற்றில் நீராவி 3 சதவீதம் வரை இருக்கும். ஆக 58 பிபிபி பிழை காத்திருக்கிறது. சைபீரியாவின் மைனஸ் 40 பாகைக் குளிரில் நீராவி 0.02 சதவீதம்கூட இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வடதுருவம் நம் கரையைவிடச் சுலபமான இடம். கோடையில் அங்கும் ஈரம் வரும் என்பதால் காற்றை உலர்த்தி அளக்கவோ, நீராவியையும் சேர்த்து அளந்து கணக்கில் திருத்தவோ வேண்டும்.

நிலையங்கள் எங்கே இருக்கின்றன? அலாஸ்காவின் வடமுனையில் பாரோ. ஊருக்கு இப்போது உட்கியாக்விக் என்று பெயர். கனடாவின் வடகோடியில் 82 பாகையில் அலெர்ட். பின்லாந்தில் பல்லாஸ். சைபீரியாவில் யெனிசெய் ஆற்றுப் பக்கம் 304 மீட்டர் உயரமுள்ள சோட்டினோ கோபுரம். கிழக்குக் கோடியில் 2014 முதல் அம்பார்ச்சிக். மேற்கு சைபீரியாவில் 2000களில் ஜப்பானியரும் ரஷ்யரும் சேர்ந்து நிறுவிய கோபுரங்கள். நார்வேயின் ஸ்வால்பார்டில் சுமார் 475 மீட்டர் உயரத்தில் செப்பலின் மலை நிலையம். அந்த மலையடிவாரத்து நி-ஓலசுண்டில்தான் 2008-ல் திறந்த இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வுக்கூடமும் இருக்கிறது. அதன் எதிரேயுள்ள கடற்கழியில் 2014-ல் இறக்கிய இண்டார்க் மிதவைக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு.

வாடையில் வரும் வாடை

தமிழில் வாடை என்றால் வடக்கத்திக் காற்று; மணமும் வாடைதான். மட்டக்கணக்கின் அடிப்படை அந்த இரட்டைப் பொருளில் அடங்கியிருக்கிறது. பாம்பனில் நின்று கருவாட்டு வாசம் வந்தால், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துக் காயப்போட்ட இடம் வடகடல் ஓரமா தென்கடல் ஓரமா என்று சொல்லிவிடலாம். வாசம் எவ்வளவு கடுமை, காற்று எவ்வளவு வேகம் என்று சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு கருவாடு என்றுகூட ஊகிக்கலாம்.

இதை மிக எளிமையாகச் செய்துகாட்டியது பாரோ நிலையத்துப் பதிவு. வடகிழக்கிலிருந்து அடித்தால் உறைகடல் மேல் வந்த சுத்தக் காற்று. தெற்கிலிருந்து அடித்தால் துந்திரா நிலத்தைத் தடவி வந்த காற்று. இரண்டுக்கும் உள்ள மீத்தேன் வித்தியாசமே நிலம் விட்டதன் அடையாளம். 1986 முதல் 29 ஆண்டுப் பதிவை இப்படிப் பிரித்துப் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வு, நிலக்காற்றின் கூடுதல் மீத்தேன் ஜூலை தொடங்கி டிசம்பர் வரை தெரிகிறது என்றது. மேல்மண் உறைந்த பிறகும் அடியில் இளகிய சேறு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். இன்னொன்றும் சொன்னது: அந்த இடத்தின் வெப்பம் பத்தாண்டுக்கு ஒரு பாகைக்கு மேல் ஏறியும், மீத்தேன் வித்தியாசம் ஆண்டாண்டாகப் பெரிதாக மாறவில்லை. 2010-க்குப் பிறகு நவம்பர், டிசம்பரில் மட்டும் சிறிய ஏற்றம். துருவம் வெடித்துவிட்டது என்ற தலைப்புச் செய்திகளுக்கு நடுவில் இந்த எண் அதிகம் பேசப்படாமல் போனது வியப்பில்லை.

ஒரே நிலையம், இரண்டே திசை என்றால் இந்த முறை போதும். கண்டம் முழுவதும் கணக்கிட வேண்டுமானால் காற்றின் பாதையைக் கணினியில் பின்னோக்கி ஓட்டுவார்கள். நிலையத்தில் ஒரு மணி நேரத்தில் அளந்த காற்றுக்கு ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களை விட்டு, வானிலைத் தரவிலிருந்து கிடைக்கும் காற்றோட்டத்தை வைத்து அவை பத்து நாள் முன்பு வரை எங்கெங்கே இருந்தன என்று தேடுவார்கள். எந்தெந்தக் கட்டத்தில் துகள்கள் தரையை ஒட்டி எவ்வளவு நேரம் உலவின என்ற வரைபடமே அந்த அளவீட்டின் தடம். மீத்தேன் காற்றில் சராசரியாக ஒன்பது பத்து ஆண்டு நிலைக்கும் என்பதால், பத்து நாள் பயணத்தில் அது வேதிமாற்றத்தால் குறைந்ததா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கரிமூட்டப் புகை சொல்லும் பாடம்

சீமைக்கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஊர்களில் விடியற்காலையில் பார்த்தால் புகை தரையோடு தரையாக, பனைமர உயரத்துக்குக்கூட எழும்பாமல் படர்ந்து கிடக்கும். கண் எரியும். நடுப்பகலில் அதே மூட்டம் அதே அளவு புகைந்தாலும் புகை மேலேறிக் கலைந்து, பக்கத்துத் தெருவில் வாசமே தெரியாது. மூட்டம் மாறவில்லை. காற்று மேலும் கீழுமாகக் கலக்கும் உயரம் மாறியிருக்கிறது.

வடதுருவ மீத்தேன் கணக்கில் மிக அதிகமாகத் தவறு நேருவது இந்தக் கலப்பு உயரத்தில்தான். எண்ணிலேயே பார்க்கலாம். சதுப்பு ஒன்று நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம் மீத்தேன் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று அதன்மேல் 500 கிலோமீட்டர் கடக்கிறது. ஒரு லட்சம் விநாடி, ஏறக்குறைய 28 மணி நேரம். அதற்குள் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலுள்ள காற்றுத் தூணிலும் 23 மில்லிகிராம் சேரும். கலப்பு உயரம் ஆயிரம் மீட்டர் என்றால் அந்தத் தூணில் காற்று 1,250 கிலோ, அதாவது சுமார் 43,000 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு), மீத்தேன் 0.00145 மோல். வகுத்தால் 33 பிபிபி ஏற்றம்.

இப்போது திருப்பிப் போடுங்கள். கருவி 33 பிபிபி ஏற்றம் காட்டுகிறது. உண்மையான கலப்பு உயரம் 500 மீட்டர். ஆனால் காற்றோட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வானிலை மாதிரி ஆயிரம் மீட்டர் என்று நம்பிவிட்டது. சதுப்பு உண்மையில் விட்டது 10 மில்லிகிராம். கணக்கு 20 என்று சொல்லும். கருவியின் பிழை ஒன்றிரண்டு பிபிபி. மாதிரியின் பிழை நூறு சதவீதம். லேசர் கருவிக்கு மேலும் பணம் கொட்டுவதைவிட, கலப்பு உயரத்தை அளக்கும் பலூன்களையும் மேகமட்டக் கருவிகளையும் கூட்டுவதில்தான் பலன் அதிகம் என்று தோன்றுகிறது.

இதனால்தான் பெரும்பாலான ஆய்வுகள் பிற்பகல் சில மணி நேர அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இரவு அளவுகளைத் தள்ளிவிடும். பகலில் காற்று நன்றாகக் கலந்திருக்கும். மாதிரியும் ஓரளவு சரியாக இருக்கும். நம் ஊரில் அது சரி. துருவ இரவில் பிற்பகல் எங்கே? நவம்பர் பாதிக்குப் பிறகு ஜனவரி 22 வாக்கில் வரை பாரோவில் சூரியனே எழாது. வெயில் இல்லாத பனித்தரை மேலே குளிர்காற்று, அதன் மேல் சற்றுச் சூடான காற்று என்று மூடிபோட்டதுபோல் அடுக்கு நிற்கும். கலப்பு உயரம் நூறு மீட்டருக்கும் கீழே போகும். அந்த நேரத்தில் தரையருகே உள்ள குழாய் மிகப் பெரிய ஏற்றத்தைக் காட்டும். 304 மீட்டர்க் கோபுரத்தின் உச்சிக் குழாயோ மூடிக்கு மேலே இருந்து வேறு காற்றையே அளந்துகொண்டிருக்கும். கோபுரத்தில் பல உயரங்களில் குழாய் வைப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். அலாஸ்காவின் துந்திராவில் செப்டம்பர் முதல் மே வரையிலான குளிர்மாதங்களில்தான் ஆண்டு மீத்தேனில் பாதியோ அதற்கு மேலோ வெளியாகிறது என்று 2016-ல் தரையளவை ஆய்வு ஒன்று காட்டியது. கணக்கு மிகவும் தேவைப்படும் மாதங்களும் கணக்கு மிகவும் தடுமாறும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

அடுத்த தவறு பின்னணி அளவில் வரும். 33 பிபிபி ஏற்றம் என்றால் எதற்கு மேலே? சதுப்புக்குள் நுழையும் முன்பே காற்றில் இருந்த மீத்தேன் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். குளிர்காலத்தில் ஐரோப்பாவின் கழிவுக் காற்று உறைகடல் மேல் சுற்றி வந்து சைபீரியாவுக்குள் நுழையும். அதைச் சுத்தக் கடற்காற்று என்று நினைத்துப் பின்னணியில் 10 பிபிபி குறைத்துப் போட்டுவிட்டால், அந்தப் பத்தும் சதுப்பின் தலையில் விழும். விடை முப்பது சதவீதம் வீங்கும்.

முன்மதிப்பு திரும்பி வருவது

சில டஜன் நிலையங்களை வைத்து ஆயிரக்கணக்கான நிலக்கட்டங்களின் விடையைத் தேடுவதென்றால், தெரியாதவை தெரிந்தவற்றைவிட அதிகம். ஆகவே முதலில் மடைக்கணக்கை ஓர் ஊகமாக எடுத்துக்கொள்வார்கள்: சதுப்பு மாதிரிகள், எரிவாயு, குப்பைமேடு, கால்நடைப் பட்டியல், காட்டுத்தீ. இது முன்மதிப்பு. அது எவ்வளவு நம்பகமானது என்றும் ஒரு பிழை எல்லை கொடுப்பார்கள். பிறகு காற்றின் அளவு அதை எந்தப் பக்கம், எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார்கள். நம்பகம் அதிகமுள்ள எண்ணுக்கு எடை அதிகம்.

ஒரு பகுதியின் முன்மதிப்பு 20, பிழை 10 என்று இருக்கட்டும். காற்று மட்டும் சொல்வது 10, அதற்கும் பிழை 10. இரண்டும் சம எடை. விடை 15, பிழை 7. அதே இடத்தில் நிலையம் தொலைவாக இருந்து காற்றின் பிழை 30 ஆகிவிட்டால், எடை ஒன்பதுக்கு ஒன்று. விடை 19, பிழை 9.5. வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறத்தில் அழகாக வரும். ஆனால் 19 என்பது காற்று சொன்னது இல்லை. நாம் உள்ளே போட்ட ஊகமே சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. ஆய்வறிக்கையில் விடையைப் பார்க்கும் முன் பிழை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது நல்லது. முதல் கணக்கில் 29 சதவீதம் குறைந்தது. இரண்டாவதில் 5 சதவீதம். பத்து சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களில் கட்டுரையாசிரியர் 'வளிமண்டல அளவீடுகள் காட்டுகின்றன' என்று எழுதினால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஏற்க வேண்டும்.

கிழக்கு சைபீரியா அப்படிப்பட்ட இடம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்ய நிலையங்களின் தரவு வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு வருவது பெரும்பாலும் தடைபட்டது. உறைமண்ணில் பாதிக்கு மேல் ரஷ்யாவில்தான் இருக்கிறது. 48 மடையில் முப்பது மடைப் பக்கம் அளவுகல்லே தெரியாத நிலை.

கடலடிச் சர்ச்சை

மட்டக்கணக்கு தன் பலத்தைக் காட்டிய இடம் கிழக்கு சைபீரியக் கடற்பரப்பு. ஐம்பது மீட்டர் சுற்றளவே ஆழமுள்ள அந்தக் கடலின் அடியில், பனியுகத்தில் நிலமாக இருந்து பிறகு மூழ்கிய உறைமண் கிடக்கிறது. கப்பலில் போய்க் குமிழ்களை அளந்து பரப்போடு பெருக்கி, ஆண்டுக்கு 170 லட்சம் டன் மீத்தேன் வருகிறது என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. மொத்த வடபகுதிக்கே இரண்டேகால் கோடிதான் என்றிருக்க, இது பயமுறுத்தும் எண்.

சோதிக்க வழி எளிது. அவ்வளவு மீத்தேன் அந்தக் கடலிலிருந்து வந்தால், கரையிலுள்ள நிலையங்களில் கடற்காற்று வரும் நாட்களில் எவ்வளவு ஏற்றம் தெரிய வேண்டும் என்று மாதிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். அத்தகைய ஏற்றம் அளவுகளில் இல்லை. 2016-ல் வந்த முடிவு: ஆண்டுக்குச் சைபரிலிருந்து 45 லட்சம் டன்னுக்குள். 2014-ல் சுவீடனின் ஓடன் என்ற பனியுடைப்புக் கப்பலில் அதே கடலில் எடுத்த அளவுகளும் 29 லட்சம் டன் என்ற எண்ணையே தந்தன. முதல் ஆய்வில் குமிழ்கள் பொய்யில்லை; குமிழ் கொப்பளிக்கும் இடங்களை அளந்து, கொப்பளிக்காத பரப்புக்கும் அதையே பெருக்கியதில்தான் சிக்கல். சேற்றின் சல்பேட் அடுக்கும் கடல்நீரும் வழியில் தீர்த்துவிடும் பங்கும் சேர்ந்தால், அடியில் புறப்படுவதும் மேலே காற்றைத் தொடுவதும் வெவ்வேறு எண்கள்.

எதன் மீத்தேன்?

மேற்கு சைபீரியாவில் உலகின் மாபெரும் சதுப்புகளும் மாபெரும் எரிவாயு வயல்களும் ஒரே காற்றின் கீழ் கிடக்கின்றன. சிறிய அளவில் நம் பக்கமும் அப்படித்தான்: வழுதூர் எரிவாயு மின்நிலையமும் கண்மாய்களும் அடுத்தடுத்து. காற்றில் வந்த மீத்தேன் எதனுடையது என்று தெரிய, கரிமத்தின் எடை கூடிய வகையான கரிமம்-13 எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒரு பொது அளவுகோலைவிட அது ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைவு என்பதே குறியீடு. வடபகுதிச் சதுப்பு மீத்தேனின் குறியீடு ஆயிரத்துக்கு மைனஸ் 60 முதல் மைனஸ் 70; நிலத்தடி எரிவாயு சராசரியாக மைனஸ் 44; விறகுப் புகை மைனஸ் இருபதுகளில். ஆனால் மேற்கு சைபீரிய வயல்களின் வாயு மைனஸ் 50 பக்கம் இருப்பதால் இடைவெளி சுருங்குகிறது. எரிவாயுவோடு சேர்ந்து வரும் ஈத்தேனைத் துப்பாகப் பிடிப்பது வேறிடங்களில் நன்றாக வேலை செய்யும். அந்த வயல்களின் வாயுவில் ஈத்தேன் மிகக் குறைவு என்பதால் அங்கே அதுவும் ஏமாற்றும்.

செயற்கைக்கோள் இதையெல்லாம் தீர்க்காதா என்று கேட்கலாம். 2009-ல் ஏவிய ஜப்பானின் கோசாட்டும், 2017 அக்டோபரில் ஏவிய ட்ரோப்போமி கருவியும் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை வைத்துத்தான் மீத்தேனை அளக்கின்றன. துருவ இரவில் சூரியன் இல்லை. வசந்தத்தில் சூரியன் தாழ்வாக இருக்கும். கண்ணுக்கு வெள்ளையான பனி, இந்தக் கருவிகள் பயன்படுத்தும் அகச்சிவப்பில் கறுப்பு. கோடையில் மேகம். ஆக வெப்பமண்டலத்தில் தாராளமாகக் கிடைக்கும் தரவு அங்கே சில மாதங்களுக்குச் சுருங்கிவிடும்.

சைபீரியாவின் லீனா ஆற்றுக் கழிமுகத்தில் 2002 முதல் தரையிலேயே அளந்து வரும் நிலையம் ஒன்று, ஜூன், ஜூலை மாத மீத்தேன் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் கூடி வருவதாக 2022-ல் காட்டியது. பாரோவின் காற்று ஏற்றமில்லை என்கிறது. லீனாவின் சேறு ஏற்றம் என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். கோடைத் தொடக்கம் முந்தி வருவதால் அந்த இரு மாதங்கள் கூடலாம். மண் உலரும் இடங்களில் மீத்தேனைத் தின்னும் உயிர்கள் பெருகி வேறொரு பக்கம் குறையலாம்.

இதே கருவியை இங்கே வைத்தால்

கண்மாய்கள் நிறைந்திருப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது அடிப்பது வாடை. மண்டபத்திலோ பாம்பனிலோ கருவி வைத்தால் அது கடல் கடந்து வந்த காற்றையே அளக்கும். கண்மாய்க் காற்று எதிர்ப்பக்கம் போய்விடும். கச்சான் என்னும் மேற்கத்திக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் நிலக்காற்று கரைக்கு வரும். கண்மாயோ வெடித்துக் கிடக்கும். புதுச்சேரியில் குப்பிக் காற்று எடுத்த நிலையம் உண்டு என்றாலும் வாரக் குப்பி ஒரு மாவட்டத்தைக் காட்டாது.

சரியான ஜோடி தொண்டியும் கமுதியும். தொண்டியில் ஒரு கருவி உள்ளே வரும் பின்னணிக் காற்றை அளக்கும். அங்கிருந்து கிழக்கு வடகிழக்குக் காற்று ராஜசிங்கமங்கலம், பரமக்குடி வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் கடந்து கமுதிக்கு வரும், அங்கே இன்னொன்று. வழியிலுள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கு நீர் நின்று, அது நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் விடுகிறது என்று வைத்தால் சராசரி 10 மில்லிகிராம். விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் நாலரை மணி நேரப் பயணம். பகலில் ஆயிரம் மீட்டர் கலப்பு உயரத்தில் இரு கருவிக்கும் இடையே வரும் வித்தியாசம் 3 பிபிபி. இரு நிலையங்கள் ஒத்துப்போக வேண்டிய வரம்பே 2 பிபிபி. காற்றைச் சரியாக உலர்த்தாத ஒரு கருவி அதை முழுதாக விழுங்கிவிடும். இரவில் கலப்பு உயரம் நூறு மீட்டராக இறங்கினால் வித்தியாசம் 30 பிபிபியாகத் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த நூறு மீட்டர் உண்மையில் அறுபதா நூற்றைம்பதா என்று சொல்ல, கமுதியில் இரவு முழுவதும் பலூன் விட ஆள் வேண்டும்.